வியாழனச் சுத்தி கந்தகம், அது எவ்ளோன்னு யாரு சொல்றது? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில வியாழனோட நிலாக்களப் பத்தி எழுதும்போது போற போக்குல ஒரு வரி போட்டிருந்தேன். அயோங்கிற நிலாவோட எரிமலையிலருந்து கெளம்புற கந்தகம் வியாழனச் சுத்தி வளையமா நின்னு அல்ட்ராவயலட்ல மின்னுது, அது எவ்ளோ இருக்குன்னு சொல்றதுக்கு பூமியில லேப்புல அளந்த நம்பர் வேணும்னு. அந்த ஒத்த வரிக்குத் தான் இந்தத் தடவ வந்த கடிதமெல்லாம். ராசிபலன் பக்கத்துக்கு வர்றத விட ஜாஸ்தின்னு ஆபீஸ்ல சொல்றாங்க, நம்புறதா வேணாமான்னு தெரியல. சரி, இந்த மாசம் முழுக்க கந்தகம் தான்.

கேள்வி: நாங்க தீப்பெட்டி தொழில்ல இருக்கோம், கந்தகம் மூட்டை மூட்டையா பாத்திருக்கோம். மஞ்சப் பொடி, பத்த வச்சா நீலமா எரியும், மூக்க அடைக்கும். அது போயி வியாழன் பக்கத்துல எப்படி மின்னுது? அங்கயும் எரியுதா? – ஒரு வாசகர், கோவில்பட்டி

எரியலைங்க. எரியணும்னா ஆக்சிஜனோட சேரணும், அங்க நடக்குறது அதுக்கு நேரெதிர். ஏற்கனவே ஆக்சிஜனோட சேந்து இருக்குற கந்தகம், அதாவது உங்க மூக்க அடைக்குற அதே சல்ஃபர் டை ஆக்சைடு, அங்க பிச்சுப் பிச்சு எறியப்படுது.

அயோ நம்ம நிலாவ விட கொஞ்சம் தான் பெருசு, குறுக்கால சுமாரா 3,640 கிமீ. வியாழன ஒண்ணே முக்கால் நாள்ல ஒரு சுத்து சுத்திடும். பக்கத்துல இருக்குற யூரோப்பாவும் கானிமீடும் அத இழுக்கறதால அதோட பாதை சரியான வட்டமா இல்ல, அதனால வியாழனோட ஈர்ப்பு ஒவ்வொரு சுத்துலயும் அத அமுக்கி அமுக்கி விடுது, உள்ள சூடேறுது. பீல், கேசன், ரெனால்ட்ஸ்னு மூணு பேரு இப்படி சூடாகி உள்ள உருகியே இருக்கும்னு 1979 மார்ச் 2ல கட்டுரை போட்டாங்க, மார்ச் 5ல நாசாவோட வாயேஜர் 1 விண்கலம் அங்க போயி சேந்துச்சு, நாலு நாள் கழிச்சு நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடத்துல விண்கலத்துக்கு வழிகாட்டுற வேல பாத்துட்டு இருந்த லிண்டா மொராபிட்டோ ஒரு படத்துல நிலாவோட விளிம்புக்கு மேல குடை மாதிரி ஒண்ணு நிக்கறத பாத்தாங்க, அது தான் எரிமலைப் புகை. அறிவியல்ல ஒரு கணிப்பு இவ்ளோ சீக்கிரம் பலிச்சது ரொம்ப அபூர்வம்.

அந்த எரிமலைங்க கக்குறதுல முக்கியமானது சல்ஃபர் டை ஆக்சைடு. அதுல பாதிக்கு மேல பனியா திரும்பி விழுந்துடும், ஆனா செகண்டுக்கு சுமாரா ஒரு டன் கணக்குல நிலாவ விட்டே வெளிய போயிடுது. போன மூலக்கூறு உடைஞ்சு கந்தக அணு, ஆக்சிஜன் அணுன்னு பிரியும், அங்க திரியுற எலக்ட்ரானுங்க மோதி அணுவுலருந்து இன்னொரு எலக்ட்ரான தட்டி விட்டுடும், அவ்ளோ தான், அது அயனி ஆயிடுச்சு. அயனி ஆன அந்த நொடியே வியாழனோட காந்தப்புலம் அத பிடிச்சுக்கும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள்ள தன்னத்தானே ஒரு சுத்து சுத்திடுது, காந்தப்புலமும் கூடவே சுத்துது, அயோ இருக்குற தூரத்துல அந்த வேகம் செகண்டுக்கு 74 கிமீ. அயோ போறதோ செகண்டுக்கு 17 கிமீ தான். அப்ப இந்த கந்தகம் 17ல போயிட்டு இருந்தது திடீர்னு 74க்கு இழுக்கப்படுது. அந்த சக்தியில ஒரு பங்கு எலக்ட்ரானுக்கு போகுது, எலக்ட்ரான் சூடாகுது, சூடான எலக்ட்ரான் கந்தக அயனிய இடிக்குது, இடிபட்ட அயனி அந்த சக்திய அல்ட்ராவயலட் ஒளியா வெளிய விடுது. மின்னுறதுன்னு சொன்னது இதத் தான்.

மொத்தமா அந்த வளையம் வெளிய விடுற அல்ட்ராவயலட் சக்தி ஒரு லட்சம் கோடி வாட்டுக்கும் மேல. நம்ம நாட்டுல இருக்குற எல்லா மின் நிலையத்தையும் சேத்தாலும் அந்த அளவுக்கு வராது. ஆனா வளையம் அவ்ளோ பெருசுங்கறதால தான் இந்தக் கணக்கு, உள்ள போயி நின்னா ஒண்ணுமே இருக்காது, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு 2,000 எலக்ட்ரான், அதுக்கு ஈடா அயனிங்க. பூமியில நல்ல லேப்புல பம்ப் போட்டு உறிஞ்சி எடுத்த வெற்றிடம் கூட சாதாரணமா இத விட அடர்த்தியா தான் இருக்கும்.

கேள்வி: சார், நான் பிஎஸ்சி பிசிக்ஸ் மூணாவது வருஷம். விண்கலத்துல ஸ்பெக்ட்ரம் எடுத்தாச்சு, எந்த லைன் எவ்ளோ பிரைட்டுன்னு தெரிஞ்சாச்சு. அப்ப கந்தகம் எவ்ளோன்னு தெரிஞ்சுடுமே? லேப்புல போயி எதுக்கு அளக்கணும்? – ஒரு மாணவி, திருச்சி

நல்ல கேள்விம்மா, இந்த மாசம் முழுக்க பேச வேண்டியது இது ஒண்ணு தான்னு கூட சொல்லலாம்.

லைன்னா ஒரு அயனி விடுற ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளி. அந்த லைனோட பிரகாசத்துல மூணு விஷயம் பெருக்கல்ல இருக்கு. அயனி எத்தன, எலக்ட்ரான் எத்தன, ஒரு எலக்ட்ரான் ஒரு அயனி பக்கம் வந்தா அந்தக் குறிப்பிட்ட லைன் வர்ற மாதிரி இடிக்க வாய்ப்பு எவ்ளோ. விண்கலம் தர்றது பெருக்கி வந்த விடைய மட்டும் தான். மூணாவது நம்பர் கையில இல்லன்னா முதல் ரெண்ட பிரிச்சு எடுக்கவே முடியாது. தராசு எவ்ளோ நல்ல தராசா இருந்தாலும் முத்திர குத்துன படிக்கல் இல்லாம கடக்காரர் என்ன பண்ணுவாரு, அந்தப் படிக்கல் தான் லேப்புல அளக்குற கிராஸ் செக்ஷன்.

கிராஸ் செக்ஷன்னா வேற ஒண்ணும் இல்ல, வர்ற எலக்ட்ரானுக்கு அந்த அயனி எவ்ளோ பெரிய டார்கெட்டா தெரியுதுன்றது, பரப்பளவுல சொல்றது. ஒரு சதுர சென்டிமீட்டர கோடி கோடியா பிரிச்சு, அதுல ஒரு துண்ட இன்னும் நூறா பிரிச்சா வர்ற அளவு, அந்த மாதிரி சைஸ். எலக்ட்ரானோட சக்திய மாத்துனா இந்த சைஸும் மாறும். குறைஞ்சபட்ச சக்தி ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ இருந்தா சுத்தமா ஜீரோ, எலக்ட்ரான் என்ன தான் முட்டினாலும் அந்த லைன் வராது.

இப்ப நீ பிஎஸ்சிங்கறதால ஒரு கணக்கு போட்டே காட்டுறேன். ரெண்டு எலக்ட்ரான இழந்த கந்தகம் இருக்குல்ல, அதுக்கு 68.5 நானோமீட்டர் பக்கம் ஒரு பிரகாசமான லைன் கூட்டம் இருக்கு, 120 பக்கம் இன்னொண்ணு. முதல்ல சொன்னத கெளப்ப 18.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல சக்திய அளக்குற அலகு) வேணும், ரெண்டாவதுக்கு சுமாரா 10.3 போதும். வளையத்துல எலக்ட்ரானோட வெப்பநில 5 எலக்ட்ரான் வோல்ட்னு வச்சுக்கோ, டிகிரியில சொன்னா ஒரு 58,000. e-யோட மைனஸ் 18.1/5 அடுக்கு போட்டுப் பாரு, 2.7 சதவீதம் வரும், அந்த லைன் எவ்ளோ சுலபமா கெளம்பும்ங்கறதுக்கு இது ஒரு அளவு. 10.3க்கு போட்டா கிட்டத்தட்ட 13 சதவீதம். இப்ப வெப்பநிலைய 6 ஆக்கு. முதல் நம்பர் முன்ன இருந்தத விட 80 சதவீதத்துக்கு மேல கூடுது, ரெண்டாவது முன்ன இருந்தத விட 40 சதவீதம் தான் கூடுது. அதனால ரெண்டு லைனோட விகிதத்த பாத்தாலே வெப்பநில என்னன்னு சொல்லிடலாம், விண்கலத்துக்கு தெர்மாமீட்டரே இது தான்.

ஆனா கவனி. வெப்பநில 5லருந்து 6க்கு போனா விகிதம் மாறுறது வெறும் 30 சதவீதம். அப்ப உன் கிட்ட இருக்குற ரெண்டு கிராஸ் செக்ஷனோட விகிதத்துலயே 30 சதவீதம் தப்பு இருந்துச்சுன்னா? 5ங்கறத 6ன்னு படிச்சுட்டு அது தான் உண்மைன்னு பேப்பர் போட்டுடுவ. வெப்பநில தப்பானா அயனி எத்தனங்கற கணக்கும் தப்பு, கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் என்ன விகிதம்ங்கறதும் தப்பு, எரிமலையிலருந்து செகண்டுக்கு எத்தன டன்ங்கறது வரைக்கும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு போகும். விண்கலத்து மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, அது சரியா தான் எண்ணிக் குடுத்துச்சு.

கேள்வி: இந்தக் காலத்துல குவாண்டம் மெக்கானிக்ஸ் சமன்பாடு இருக்கு, சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு. கந்தகத்துக்கு மொத்தமே 16 எலக்ட்ரான். கணக்கு போட்டு எடுத்துக்க வேண்டியது தானே? – ஒரு மென்பொருள் ஊழியர், சென்னை

போடுறாங்க, போடாம இல்ல. உண்மைய சொன்னா வானியல்காரங்க தினமும் பயன்படுத்துற நம்பர்ல பெரும்பாலானது கணக்கு போட்டு வந்தது தான். ஆர்-மேட்ரிக்ஸ்னு ஒரு முறை இருக்கு, அதுல கந்தக அயனிகளுக்கு கணக்கு போட்டவங்கள்ல கிளார்க் அட்லாண்டா யூனிவர்சிட்டியில இருந்த ஸ்வராஜ் தயால் முக்கியமானவர். அந்த மாதிரி நம்பரயெல்லாம் சேத்து வச்சு கியாண்டின்னு ஒரு டேட்டாபேஸ் 1990கள்லருந்து இருக்கு, சூரியனப் பாக்குறவங்களும் வியாழனப் பாக்குறவங்களும் அதத் தான் தொறக்குறாங்க.

சிக்கல் எங்கன்னா, சில லைன் கணக்குக்கு அடங்காது. ஒரு எலக்ட்ரான் மட்டும் இழந்த கந்தகத்துக்கு 125.05, 125.38, 125.95 நானோமீட்டர்னு மூணு லைன் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. இத கெளப்புற உயர் நிலைக்கு ரெண்டு விதமான அமைப்பு கலந்து இருக்கு, (3s, 3p, 3d எல்லாம் அணுவுக்குள்ள எலக்ட்ரான் உக்காருற படிக்கட்டுன்னு வச்சுக்கோங்க) 3s-ல இருக்குற எலக்ட்ரான் 3p-க்கு ஏறினது ஒண்ணு, 3p-ல இருந்தது 3d-க்கு ஏறினது இன்னொண்ணு. கணக்குல இந்த ரெண்டோட பங்கும் எதிரெதிர் குறியோட வருது. ரெண்டு பெரிய நம்பர கழிச்சு மிஞ்சுற சின்ன நம்பர் தான் அந்த லைனோட பலம். பெரிய நம்பர்ல ரெண்டு சதவீதம் பிசகுனா மிச்சத்துல எவ்ளோ பிசகும்னு நீங்களே ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல அடி வாங்கியிருப்பீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேணாம். இங்க கழிஞ்சு போன பலமெல்லாம் 76.5 நானோமீட்டர் லைன் பக்கம் போயி உக்காந்துக்குது, அது அதனால தான் அவ்ளோ பிரகாசம்.

இன்னொரு வேடிக்க, அந்த மூணு லைனும் தங்களுக்குள்ள 1:2:3ங்கற விகிதத்துல தான் வரும், அது எளிமையான கணக்குலயே சரியா வந்துடும். விகிதம் சரியா வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டீங்கன்னா ஏமாந்தீங்க, மூணுமே சேந்து ஒண்ணரை மடங்கு தப்பா இருந்தாலும் விகிதம் அப்படியே தான் இருக்கும். மொத்த அளவு சரியான்னு சொல்றதுக்கு யாராவது உண்மையான அயனிய உண்மையான எலக்ட்ரானால அடிச்சுப் பாக்கணும். வேற வழி இல்ல.

என் அபிப்ராயத்த கேட்டா, எல்லா லைனையும் லேப்புல அளக்கத் தேவ இல்ல, முடியவும் முடியாது. இந்த மாதிரி கணக்கு தடுமாறுற நாலஞ்சு எடத்துல அளந்தாலே போதும், கணக்குக்காரங்களுக்கு தாங்க எங்க நிக்கறோம்னு தெரிஞ்சுடும்.

கேள்வி: லேப்புல எப்படி தான் அளக்குறாங்க? டியூப் லைட் மாதிரி ஒரு குழாயில கந்தக ஆவிய அடச்சு கரண்ட் குடுத்தா மின்னாதா? நான் எலக்ட்ரீஷியன், தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க. – ஒரு வாசகர், ஈரோடு

மின்னும். லைன் எங்க இருக்கு, அதாவது அலைநீளம் என்னன்னு தெரிஞ்சுக்க அது போதும், பழைய காலத்துல அப்படி தான் பண்ணாங்க. ஆனா "எவ்ளோ"ங்கற கேள்விக்கு அது உதவாது. குழாய்க்குள்ள எலக்ட்ரான் என்ன சக்தியில ஓடுதுன்னு தெரியாது, எல்லா விதமான சக்தியும் கலந்து ஓடும், எந்த அயனி எத்தனன்னு தெரியாது, அடர்த்தி ஜாஸ்திங்கறதால ஒரு அயனி ஒளி விடறதுக்குள்ள இன்னொண்ணு வந்து இடிச்சு கெடுத்துடும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள என்ன நடந்துச்சுன்னு ஒண்ணும் புரியாது.

அதனால அயனியத் தனியா ஒரு கற்றையா எடுக்குறாங்க, எலக்ட்ரான இன்னொரு கற்றையா எடுக்குறாங்க, ரெண்டையும் வெற்றிடத்துல சந்திக்க வைக்கிறாங்க. கேக்க சுலபமா இருக்கு, பண்ணா தான் தெரியும்.

முதல் தலவலி, கந்தக அயனிய செய்யறது. மைக்ரோவேவ் குடுத்து காந்தப்புலத்துக்குள்ள வாயுவ பிளாஸ்மா ஆக்குற ஒரு அயனி மூலம் இருக்கு, அதுக்குள்ள கந்தகம் இருக்குற வாயுவ விடணும். சல்ஃபர் டை ஆக்சைடு விடலாம்னு தான் தோணும், ஆனா அங்க ஒரு பொறி இருக்கு. அயனிய பிரிக்கிறது காந்தத்தால, காந்தம் பாக்குறது நிறையை மின்னூட்டத்தால வகுத்த நம்பர மட்டும் தான். கந்தகத்தோட நிறை 32, ஒரு மின்னூட்டம், 32. ஆக்சிஜன் மூலக்கூறு, ரெண்டு அணு சேந்து 32, ஒரு மின்னூட்டம், அதுவும் 32. சரி ரெண்டு மின்னூட்டம் உள்ள கந்தகம் எடுப்போம்னா 16, ஒத்த ஆக்சிஜன் அயனியும் 16. காந்தத்துக்கு ரெண்டும் ஒண்ணு தான், ஒரே பாதையில போகும். கந்தகக் கற்றைன்னு நெனச்சு நீங்க அளக்குறதுல பாதி ஆக்சிஜனா இருக்கலாம். ஆக்சிஜனே இல்லாத வாயுவ விட்டு தப்பிக்கலாம், ஹைட்ரஜன் சல்ஃபைடோ கார்பன் டை சல்ஃபைடோ, ஆனா ஒண்ணு அழுகுன முட்ட நாத்தம், ரெண்டுமே விஷம், கந்தகம் பம்ப் ஆயிலுக்குள்ள போயி அதையும் கெடுத்து வைக்கும். மூணு மின்னூட்டம் உள்ளதுன்னா 10.67, அங்க போட்டி இல்ல, நிம்மதி.

இதுல சுவாரசியம் என்னன்னா, வாயேஜர் வியாழன் கிட்ட போனப்பயும் இதே பொறியில தான் மாட்டுச்சு. அயனிய நேரா பிடிச்சு அளக்குற கருவி ஒண்ணு அதுல இருந்துச்சு, அதுக்கும் ரெண்டு மின்னூட்டக் கந்தகமும் ஒரு மின்னூட்ட ஆக்சிஜனும் ஒண்ணா தான் தெரிஞ்சுச்சு, 16ன்னு ஒரே மேடு. எது எவ்ளோன்னு பிரிக்க அல்ட்ராவயலட் ஸ்பெக்ட்ரத்த தான் நம்ப வேண்டியதாச்சு, அத நம்பணும்னா இந்த லேப் நம்பர் வேணும். சுத்திச் சுத்தி இங்கயே தான் வருது பாருங்க.

ரெண்டாவது தலவலி, காத்து. எவ்ளோ பம்ப் போட்டாலும் உள்ள கொஞ்சம் வாயு மிச்சம் இருக்கும். நல்ல வெற்றிடத்துலயே ஒரு கன சென்டிமீட்டருக்கு முப்பது லட்சம் மூலக்கூறு சாதாரணம், அயனிக் கற்றையோட அடர்த்தி சில லட்சம் இருந்தா பெருசு. அப்ப எலக்ட்ரான் அயனிய விட மிச்ச வாயுவத் தான் அதிகமா இடிக்கும், அயனியும் வாயுவ இடிக்கும், எல்லாமே ஒளி விடும். வேண்டிய சிக்னல் இந்த சத்தத்துக்கு அடியில கெடக்கும். இதுக்கு பண்ற தந்திரம் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், வெறும் ஸ்விட்ச் தான். ரெண்டு கற்றையும் ஆன், எண்ணு. எலக்ட்ரான் மட்டும் ஆன், எண்ணு. அயனி மட்டும் ஆன், எண்ணு. ரெண்டும் ஆஃப், எண்ணு. முதலையும் கடைசியையும் கூட்டி நடுவுல உள்ள ரெண்டையும் கழிச்சா, அயனியும் எலக்ட்ரானும் ஒண்ண ஒண்ணு இடிச்சதால வந்தது மட்டும் மிஞ்சும். இத செகண்டுக்கு பல தடவ மாத்தி மாத்தி மணிக்கணக்கா ஓட்டணும், நடுவுல ஏதாவது ஒரு கற்றையோட பலம் ஆடுச்சுன்னா எல்லாம் போச்சு.

ஒளிய எண்ணும்போது இன்னொரு வில்லங்கம் இருக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. பத்தாயிரம் வோல்ட்ல தள்ளுன கந்தக அயனி செகண்டுக்கு சுமாரா 250 கிமீ வேகத்துல போகும். இடி வாங்குன அயனி அந்த 125 நானோமீட்டர் லைன விட ஒரு 20 நானோசெகண்ட் எடுத்துக்கும். அதுக்குள்ள அது 5 மில்லிமீட்டர் தள்ளிப் போயிடுது! இடி ஒரு எடம், வெளிச்சம் ஒரு எடம். டிடெக்டர் எந்த எடத்தப் பாக்குது, எவ்ளோ அகலம் பாக்குதுன்னு சரியா கணக்கு வைக்கலன்னா ஒளியில ஒரு பங்கு கண்ணுல படாமயே போயிடும்.

இந்த வில்லங்கமே வேணாம்னு பாசடீனாவுல ஜேபிஎல்-ல ஆரா சுட்ஜியான் குழு வேற வழி பிடிச்சாங்க. ஒளியப் பாக்காத, எலக்ட்ரானப் பாரு. ரெண்டு கற்றையும் குறுக்க வெட்டாம ஒரே கோட்டுல சேந்து ஓட விட்டாங்க, அப்ப சந்திக்கிற தூரம் அதிகம், இடியும் அதிகம். கடைசியில மின்புலமும் காந்தப்புலமும் குறுக்க வச்சு எலக்ட்ரான மட்டும் ஒதுக்கி எடுப்பாங்க. அயனிய தூண்டி விட்ட எலக்ட்ரான் தன்னோட சக்தியில 9.9 எலக்ட்ரான் வோல்ட் குடுத்துட்டு வந்திருக்கும், மெதுவா வரும், மெதுவா வர்றது அதிகமா விலகும், டிடெக்டர்ல தனி எடத்துல போயி விழும். அத எண்ணுனா போதும். 1990களோட பிற்பகுதியில அவங்க தயாலோட சேந்து ஒத்த மின்னூட்டக் கந்தகத்துக்கு அளந்ததும் கணக்கு போட்டதும் பக்கத்துப் பக்கத்துல வச்சு வெளியிட்டாங்க. குறைன்னு சொன்னா, இந்த முறை குறைஞ்சபட்ச சக்திக்கு கொஞ்சம் மேல வரைக்கும் தான் நல்லா வேல செய்யும், ஆனா வளையத்து எலக்ட்ரானுக்கு அந்த எடம் தான் முக்கியம், அதனால பெரிய நஷ்டம் இல்ல.

மூணாவது தலவலிய சுருக்கமா சொல்லிடுறேன். மூலத்துலருந்து வர்ற அயனி எல்லாமே அடி நிலையில, அதாவது சக்தி ரொம்பக் கொறைஞ்ச நிலையில, இருக்காது. கொஞ்சம் 1.8 எலக்ட்ரான் வோல்ட் மேல, கொஞ்சம் 3 மேலன்னு ஏறி உக்காந்து எறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கும், தானா எறங்க செகண்ட் கணக்குலருந்து நிமிஷக்கணக்கு வரைக்கும் ஆகும், கற்றையோ மைக்ரோசெகண்டுல கடந்து போயிடுது. இதுங்க எத்தன சதவீதம்னு தெரியாம கிராஸ் செக்ஷன் சொன்னா அது பொய்க்கணக்கு. அதுக்கு கற்றைய ஒரு வாயு அறை வழியா விட்டு, வாயுவக் கூட்டக் கூட்ட கற்றை எப்படி தேயுதுன்னு பாக்குறாங்க, ரெண்டு வகை அயனியும் வேற வேற வேகத்துல தேயும், அந்த கிராஃப்ல ரெண்டு சாய்வு தெரியும், அதுலருந்து பங்கு எடுத்துடலாம். இவ்ளோ பாடுபட்டு கடைசியில வர்ற நம்பர்ல 10, 20 சதவீதம் பிழை இருக்கும். இந்தத் துறையில அது ரொம்ப நல்ல அளவுன்னு தான் சொல்வாங்க.

கேள்வி: கடையில ரூபா நோட்டு செக் பண்ற லைட், வாட்டர் பியூரிஃபையர்ல இருக்குற லைட், எல்லாம் அல்ட்ராவயலட் தானே. நீங்க என்னமோ பெருசா வெற்றிடம் வேணும்னு சொல்றீங்க? – ஒரு வாசகி, மதுரை

நோட்டு பாக்குற லைட் 365 நானோமீட்டர், தண்ணி லைட் 254. அதெல்லாம் காத்துல ஜம்முனு போகும். நாம பேசுறது 60லருந்து 180 வரைக்கும், கிட்டத்தட்ட 200க்கு கீழ போனாலே காத்துல இருக்குற ஆக்சிஜன் முழுங்க ஆரம்பிச்சுடும். அதனால கருவி முழுக்க வெற்றிடத்துக்குள்ள இருக்கணும், இந்தப் பகுதிக்கு வெற்றிட அல்ட்ராவயலட்னே பேரு. பூமியில நின்னு இத பாக்க முடியாததுக்கும் அதே காரணம் தான், மேல விண்கலம் அனுப்பியே ஆகணும்.

கண்ணாடி ஜன்னலும் போட முடியாது. மெக்னீசியம் ஃப்ளோரைடு 115 வரைக்கும் விடும், லித்தியம் ஃப்ளோரைடு 105 வரைக்கும், அதுக்கு கீழ ஒளிய விடுற ஜன்னல் கண்ணாடியே கெடையாது, தொறந்து தான் வைக்கணும். கருவிக்குள்ள ஒளியத் திருப்புற கண்ணாடி மேல எண்ணெய்ப் படலம் லேசா படிஞ்சாலும் பிரதிபலிப்பு கொறைஞ்சுடும், நேத்து அளந்த நம்பர் இன்னைக்கு வராது. இந்தப் பகுதியில நம்பகமான ஸ்டாண்டர்டு ஒளின்னா சின்க்ரோட்ரான் தான், எலக்ட்ரான வட்டமா ஓட விட்டா வர்ற ஒளி, அது எவ்ளோன்னு கணக்குலயே சொல்லிடலாம். அமெரிக்காவுல கெய்தர்ஸ்பர்க்ல சர்ஃப்னு ஒண்ணு இருக்கு, விண்கலக் கருவிங்க பலதுக்கும் அங்க தான் அளவு பிடிப்பாங்க. நம்ம இந்தூர்ல இண்டஸ்-1 இருக்கு, 450 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதுவும் இந்த அலைநீளத்துக்கான மெஷின் தான்.

கேள்வி: 1979லயே பாத்து முடிச்ச விஷயத்துல இன்னும் என்ன பாக்குறாங்க? மக்கள் வரிப்பணம் வேஸ்ட் இல்லையா? – ஒரு ஓய்வு பெற்ற அதிகாரி, சேலம்

ஐயா கோவமா எழுதியிருக்கீங்க, பாதி நியாயம் இருக்கு. நேரடியா இதனால நம்ம வீட்டுக்கு ஒண்ணும் வராது, வரும்னு நான் கத விட மாட்டேன்.

ஆனா பாத்து முடிச்சாச்சுன்னு சொன்னது தப்புங்க. 2000 கடைசியில காசினி விண்கலம் சனிக்குப் போற வழியில வியாழனத் தாண்டிப் போச்சு, அப்ப மாசக்கணக்கா இந்த வளையத்த அல்ட்ராவயலட்ல பாத்துக்கிட்டே போனதுல, அயனிகளோட கலவை நாளுக்கு நாள் மாறுறது தெரிஞ்சுச்சு. 2013ல ஜப்பான் ஹிசாக்கின்னு ஒரு சின்ன டெலஸ்கோப்ப பூமியச் சுத்த விட்டாங்க, 52லருந்து 148 நானோமீட்டர் வரைக்கும் பாக்கும், வியாழன் மாதிரி கிரகங்களப் பாக்குறது தான் அதுக்கு வேல. 2015 ஆரம்பத்துல அயோவுல எரிமலை பெருசா பொங்குனப்ப வளையமும் சேந்து மாறுறத அது பிடிச்சுச்சு, 2023 டிசம்பர் வரைக்கும் ஓடுச்சு. ஜூனோ விண்கலம் 2023 டிசம்பர் 30லயும் 2024 பிப்ரவரி 3லயும் அயோவுக்கு 1,500 கிமீ பக்கத்துல போச்சு. இப்ப ஜூஸ், யூரோப்பா கிளிப்பர்னு ரெண்டு விண்கலம் வழியில இருக்கு, ரெண்டுலயும் அல்ட்ராவயலட் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கு, கிளிப்பர் 2030லயும் ஜூஸ் 2031லயும் போயி சேரும்.

இன்னொண்ணும் இருக்கு. 2017ல நெர்னி, பேகனல், ஸ்டெஃப்ல்னு மூணு பேரு வாயேஜரோட பழைய ஸ்பெக்ட்ரத்த மறுபடி எடுத்து, கலிலியோ, காசினி விண்கலங்களோட டேட்டாவையும் சேத்து, கியாண்டியோட புது அணு நம்பர வச்சு திரும்ப முதல்லருந்து கணக்கு போட்டாங்க. புது ராக்கெட் இல்ல, 38 வருஷம் முந்தி செலவு பண்ண பணத்துலருந்து மறுபடி பலன் எடுக்குறது. வரிப்பணம்னு பாத்தா இத விட சிக்கனம் கெடையாது. எனக்கு வருத்தமே வேற, ராக்கெட் கெளம்புறப்ப கைதட்ட ஆயிரம் பேரு இருக்காங்க, அயனிக் கற்றைய வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க ஆன் ஆஃப் எண்ணிட்டு இருக்குறவங்களுக்கு பட்ஜெட் கேட்டா தான் "இது எதுக்கு"ன்னு கேள்வி வருது.

கேள்வி: அங்கிள், என் கிட்ட ஆறு இன்ச் டெலஸ்கோப் இருக்கு. அந்த கந்தக வளையத்த நான் பாக்க முடியுமா? – ஒம்பதாவது படிக்கிற வாசகர், நாகர்கோவில்

அல்ட்ராவயலட்ல முடியாதுப்பா, மேல சொன்ன காத்துப் பிரச்சன. ஆனா இந்தக் கந்தகம் கொஞ்சம் செவப்புலயும் மின்னும், 671.6, 673.1 நானோமீட்டர்ல ரெண்டு லைன். வாயேஜர் போறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1976ல, குப்போ, மெக்லர், எவியாட்டர்னு இஸ்ரேல் விஞ்ஞானிங்க தரையிலருந்தே அத பிடிச்சாங்க, வியாழன் பக்கம் கந்தக அயனி இருக்குங்கறதே அப்ப தான் தெரிஞ்சுச்சு. மேல லேப்புல அடம் பிடிக்கிற அயனின்னு திட்டுனேன்ல, 1.8 எலக்ட்ரான் வோல்ட்ல உக்காந்துக்கிட்டு எறங்காதது, அது எறங்கும்போது விடுற ஒளி தான் இந்த செவப்பு. லேப்புல இடைஞ்சல், அங்க பிரயோஜனம்.

நெபுலா படம் எடுக்குறவங்க எஸ்-டூ ஃபில்டர்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, அதுவும் இதே லைனுக்குத் தான். அத மாட்டுனா மட்டும் போதாது, வியாழனோட வெளிச்சம் பக்கத்துல இருக்குறத எல்லாம் அமுக்கிடும், நடுவுல வியாழன மறைக்க ஒரு தடுப்பு வேணும், ரொம்ப நேரம் எக்ஸ்போஷர் வேணும், அதுக்கு ஆறு இன்ச் பத்தாது. இப்போதைக்கு அயோவ மட்டும் பாரு, வியாழன் பக்கத்துல வரிசையா நாலு புள்ளி தெரியும்ல, அதுல பெரும்பாலும் ஒட்டி நிக்கறது அது தான். சாயங்காலம் ஒரு தடவ, விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவ வரஞ்சு வச்சுக்கோ, ஒரே ராத்திரியில எடம் மாறியிருக்கும்.